மாறியதை எழுதியவர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 921. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பது எப்படி என்ற விதிகள்தான் இரண்டிலும் இருக்கின்றன. பாடப்புத்தகங்கள் இவற்றை ஒன்றாகச் சேர்த்து 'உத்திரமேரூர்க் கல்வெட்டு' என்று ஒருமையில் சொல்லிவிட்டுப் போகின்றன. அப்படிச் சொல்லும்போது முக்கியமான ஒன்று தொலைந்துபோகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் விதி மாறியிருக்கிறது. மாறிய விதியை மறுபடியும் முழுதாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

என்ன மாறியது? முதல் விதியில் வாரியத்துக்கு வருகிறவரின் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டாவதில் அது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்பது தொடர்கிறது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துரைக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி இருந்தால் போதும் என்ற சலுகை 921இன் கல்வெட்டில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினர் இன்னின்னாரும் தகுதியற்றவர்கள் என்று நீளமான பட்டியலும் அதில் உண்டு. ஓலையை எடுக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை நிறுத்த வேண்டும். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை விரித்து வாங்கு என்று கல்லில் எழுத நேர்ந்திருக்கிறது என்றால், விரலை மூடி வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஒவ்வொரு புதிய நிபந்தனைக்குப் பின்னாலும் ஒரு பழைய கோளாறு இருக்கும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். பழைய கல்வெட்டை அவர்கள் செதுக்கி அழித்துவிடவில்லை. அதனால்தான் மாற்றம் நடந்தது என்பதே நமக்குத் தெரிகிறது. அடுத்தது, என்ன மாறியது என்பதை நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வயது வரம்பை இப்படி ஏன் நகர்த்தினோம், அதனால் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்ற விளக்கம் அங்கே இல்லை.

அந்த விளக்கத்தை எழுதுவதற்கென்றே நம் காலத்தில் ஒரு வகை எழுத்து பிறந்திருக்கிறது. அதை எழுதுவோர் கணினி உலகத்தில் இருக்கிறார்கள். ஒரு நிரல் மொழி, அதாவது கணினிக்கு வேலை சொல்லும் மொழி, புதிய பதிப்பாக வெளிவரும்போது, சென்ற பதிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று சொல்லும் ஆவணம் ஒன்று கூடவே வரும். அதை மாற்றக் குறிப்பு என்று சொல்லலாம். தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்த எழுத்தின் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். அவர்கள் செய்தது மொழியை ஆக்கும் வேலை. அதை 'எழுதிவைக்கிற வேலை' என்று சொல்லி ஓரமாக வைத்தார்கள்.

மாற்றக் குறிப்பு என்றால் என்ன?

மனிதர் பேசும் மொழி மாறும்போது யாரும் அறிவிப்பதில்லை. 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று பேச்சில் அப்படிச் சொன்னால் சண்டை வரும். இந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிரல் மொழி அப்படியல்ல. அது நாள் குறித்து மாறும். மாறுகிற நாளில், பழைய விதியை நம்பி எழுதிய ஆயிரக்கணக்கான நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மாற்றக் குறிப்பில் சில தலைப்புகள் தவறாமல் இருக்கும்: புதிதாகச் சேர்ந்தவை, நடத்தை மாறியவை, இனிமேல் கைவிடப்படப் போகிறவை, நீக்கப்பட்டவை, திருத்தப்பட்ட பிழைகள்.

இதில் 'கைவிடப்படப் போகிறவை' என்ற தலைப்பு எனக்குப் பிடித்தது. ஒன்றைச் சட்டென்று நீக்கிவிடாமல், 'இது போகப்போகிறது, உங்கள் நிரலைத் திருத்திக்கொள்ளுங்கள்' என்று ஒரு பதிப்பு முன்கூட்டிச் சொல்கிறது. கோபோல் என்ற மொழியில் 'ஆல்டர்' என்று ஒரு கட்டளை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ள அது உதவியது. படிப்பவருக்குத் தலைசுற்ற வைத்தது. 1985ஆம் ஆண்டுத் தரப் பதிப்பு அதை வழக்கொழிந்தது என்று அறிவித்தது. நீக்கியது 2002ஆம் ஆண்டுப் பதிப்பு. இடையில் 17 ஆண்டுகள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் யாரும் நமக்கு இவ்வளவு காலம் தருவதில்லை.

சத்தமில்லாமல் வரும் மாற்றம்தான் ஆபத்தானது. பைத்தான் என்ற மொழியை இன்று பள்ளி மாணவர்களும் படிக்கிறார்கள். அதன் இரண்டாம் வரிசைப் பதிப்புகளில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்று விடை வரும், மீதியை விட்டுவிடும். மூன்றாம் வரிசையில் அதே வரிக்கு விடை 3.5. 7 படி அரிசியை இரண்டு பேருக்குப் பிரித்தால் ஒரு பதிப்பில் ஒரு படி அரிசி காணாமல் போகிறது, மறு பதிப்பில் ஆளுக்கு அரைப்படி கூடுகிறது. நிரல் நின்றுபோகாது, பிழை என்று கத்தாது, வேறு விடையைத் தந்துகொண்டே ஓடும். இந்த மாற்றம் வரப்போகிறது என்று பைத்தான் 2001இலேயே எழுதிவைத்தது. வழக்கமான நடத்தையாக ஆனது 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்த 3.0 பதிப்பில். பழைய வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. இத்தனை ஆண்டுகளில் உலகமெங்கும் நிரலாளர்கள் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தது அந்த மாற்றக் குறிப்புகளைத்தான். எழுத்து சரியாக இல்லாதிருந்தால் எங்கோ ஒரு கணக்கு தவறியிருக்கும், எங்கோ ஒருவருக்குச் சம்பளம் குறைந்திருக்கும்.

குறிப்பு எழுதிய பெண்கள்

இந்த எழுத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால் 1843க்குப் போக வேண்டும். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி லூயிஜி மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள் என்று ஏழு குறிப்புகளைச் சேர்த்தார். அவை மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். பெர்னூலி எண்களை அந்தப் பொறி எப்படிக் கணக்கிடும் என்று படிப்படியாகச் சொல்லும் அட்டவணை, கட்டுரையில் இல்லை, குறிப்பில்தான் இருக்கிறது. இன்று அதை முதல் நிரல் என்று பலர் கொண்டாடுகிறார்கள். அவர் கையெழுத்திட்டது முழுப் பெயரால் அல்ல. மூன்று முதலெழுத்துகளால் மட்டும். 1979இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு நிரல் மொழிக்கு 'அடா' என்று பெயர் வைத்தது. அதன் தர ஆவணத்துக்கு அவர் பிறந்த 1815ஆம் ஆண்டையே எண்ணாகத் தந்தது. முதலெழுத்துக்குள் ஒளிந்திருந்த பெயர் வெளியே வர ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆயிற்று.

அடுத்தது 1946. எனியாக் என்ற பெருங்கணினியை இயக்க ஆறு பெண்கள் நிரல் அமைத்தார்கள்: கேத்லீன் மெக்னல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அவர்களுக்குக் கையேடு எதுவும் இல்லை. சுற்றுப்படங்களைப் பார்த்தும், கட்டிய பொறியாளர்களிடம் கேட்டும் பொறியைக் கற்றார்கள். பிப்ரவரியில் அது உலகத்துக்குக் காட்டப்பட்டபோது ஓடிய எறிகணைக் கணக்கை அமைத்தவர்கள் பெட்டி ஸ்னைடரும் ஜீன் ஜென்னிங்ஸும். விழாவில் அவர்கள் அறிமுகப்படுத்தப்படவில்லை. விருந்துக்கும் அழைப்பு இல்லை என்று ஜீன் பின்னாளில் பதிவு செய்தார். அந்தப் பொறிக்கான கையேட்டை அதே ஆண்டு ஜூனில் எழுதியவர் அடேல் கோல்ட்ஸ்டைன், அவரும் பெண்.

அதே 1946இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினிக்கு 500 பக்கத்துக்கு மேற்பட்ட கையேடு ஒன்று வெளிவந்தது. அதை முதன்மையாக எழுதியவர் கடற்படையில் பணியாற்றிய கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர். எனக்குப் புத்தகம் எழுதத் தெரியாதே என்று அவர் தயங்க, நீங்கள் இப்போது கடற்படையில் இருக்கிறீர்கள் என்று மேலதிகாரி ஹோவர்ட் எய்க்கன் பதில் சொன்னாராம். முகப்புப் பக்கத்தில் ஆசிரியராக இருப்பது 'கணிப்பு ஆய்வகத்தின் பணியாளர்கள்' என்ற பொதுப்பெயர்.

ஹாப்பர் பின்னர் மனிதர் எழுதும் குறியீடுகளைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலை 1952இல் உருவாக்கினார். ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை தரும் 'ஃப்ளோமேட்டிக்' என்ற மொழி அவருடைய வழியில் வந்தது. 1959 ஏப்ரலில் பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாஸ் எடுத்த முயற்சியால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எல்லா நிறுவனத்தின் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு வணிக மொழி வேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே தொடங்கியதுதான் கோபோல். மொழியின் விவரங்களை வகுக்க அமைந்த ஆறு பேர் குழுவில் இருவர் பெண்கள்: ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி. வரைவை மொழித் தெளிவுடன் பதிப்பித்தவர், எனியாக் ஆறு பேரில் ஒருவரான பெட்டி ஸ்னைடர். திருமணத்துக்குப் பிறகு அவர் பெயர் பெட்டி ஹோல்பர்ட்டன். பெண்களின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதே. ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பார். தேடுபவர் அவரை இரண்டு ஆளாக எண்ணிவிடக்கூடும். அல்லது ஒருவராகக்கூட எண்ணாமல் விட்டுவிடக்கூடும்.

1960இல் வெளியான கோபோல் அறிக்கையைத் தொடர்ந்து 1961, 1965, 1968, 1974, 1985 என்று பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. இந்த ஆவணங்களோடு ஒரு நன்றியுரை வழிவழியாகப் பயணம் செய்கிறது. அறிக்கையை எடுத்தாளும் எவரும் அதை முழுமையாக அச்சிட வேண்டும் என்பது வேண்டுகோள். எந்தெந்த நிறுவனத்தின் எந்தெந்தக் கையேட்டிலிருந்து பொருள் எடுக்கப்பட்டது என்று அது சொல்கிறது. ஃப்ளோமேட்டிக்கின் பெயர் அதில் உண்டு, கிரேஸ் ஹாப்பரின் பெயர் இல்லை. ஆளின் பெயர் எதுவுமே இல்லை என்பதால் இது பெண்களுக்கு மட்டும் இழைத்த அநீதி என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரில்லாத இடத்தில் பின்னால் வருகிறவர்கள் தாங்களாகவே ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அந்த முகம் பெரும்பாலும் ஆணின் முகமாக இருந்துவிடுகிறது.

இதை உணர்ந்தவர் போல ஜீன் சாமெட் இன்னொரு வேலை செய்தார். 1969இல் நிரல் மொழிகளின் வரலாற்றையும் அடிப்படைகளையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை அடக்கினார். 1974இல் அமெரிக்காவின் கணினியியல் சங்கத்துக்கு முதல் பெண் தலைவரானார். 1978இல் நிரல் மொழி வரலாற்றுக்கென்றே ஒரு மாநாட்டை ஒருங்கிணைத்து, மொழிகளை உருவாக்கியவர்களையே அழைத்து, எதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எழுத வைத்தார். என்ன மாறியது என்பதோடு நிற்காமல் ஏன் மாறியது என்று கேட்டவர் அவர்.

'எழுத்து வேலை' என்ற பட்டம்

பொறியைக் கட்டுவது அறிவு வேலை, அதை இயக்குவதும் அதற்குக் குறிப்பு எழுதுவதும் எழுத்தர் வேலை என்ற பிரிவினை தொடக்கத்திலேயே இருந்தது. பெண்கள் அந்த இடத்துக்கு வர முடிந்ததே, அது தாழ்ந்த வேலை என்று கருதப்பட்டதால்தான். 1967இல் ஓர் அமெரிக்க மகளிர் இதழ் கணினித் துறைப் பெண்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அதில் நிரல் எழுதுவதை இரவு விருந்துக்குத் திட்டமிடுவதோடு ஒப்பிட்டுப் பேசினார் ஹாப்பர். பெண்களைத் துறைக்குள் இழுக்க அது நல்ல உத்தி. ஆனால் பெண் செய்தால் அது சமையலின் நீட்சி என்ற எண்ணத்துக்கும் அது இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1968 அக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாடு இந்தத் துறையை 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரில் அழைத்தது. பொறியியல் என்ற பட்டம் ஏறியதும் வேலைக்கு மதிப்பும் சம்பளமும் ஏறின, பெண்கள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனார்கள்.

குறிப்பு எழுதும் வேலை மட்டும் ஏறவில்லை. இன்றும் மென்பொருள் நிறுவனங்களில் ஆவணம் எழுதுவதும் சோதித்துப் பார்ப்பதும் உதவி வேலைகளாகவே எண்ணப்படுகின்றன. அந்த மேசைகளில் பெண்களை அதிகம் பார்க்கலாம். சென்னையில் வேலைக்குப் போயிருக்கும் என் பழைய மாணவிகளும் அந்த மேசைகளிலிருந்துதான் பேசுகிறார்கள். வீட்டில் யாருக்கு என்ன ஒவ்வாது, எந்தத் தேதியில் எது தீர்ந்துபோகும், பால் கணக்கு எங்கே மாறியது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவள் பெண். அந்த நினைவை வேலையாக யாரும் எண்ணுவதில்லை. அலுவலகத்திலும் அதேதான் நடக்கிறது.

அந்த நினைவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை உலகம் பார்த்திருக்கிறது. 1980களின் முற்பகுதியில் கோபோலின் புதிய தர வரைவு வந்தபோது, பழைய நிரல்கள் ஓடாமல் போகும் என்று பயனர்கள் அஞ்சினார்கள். குழுவுக்கு 2,200க்கு மேற்பட்ட கடிதங்கள் போயின, பெரும்பாலும் எதிர்த்து. வரைவைத் திருத்த வேண்டியதாயிற்று. மாற்றத்தை முன்கூட்டி எழுதி வெளியிட்டதால்தான் பாதிக்கப்படப் போகிறவர்களால் பேச முடிந்தது. இரண்டாவது, 2000ஆம் ஆண்டுச் சிக்கல். நினைவகம் விலையாக இருந்த காலத்தில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள். 1999க்குப் பிறகு வரும் 00 எந்த ஆண்டு என்று பழைய நிரல்களுக்குத் தெரியாது. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள், பல இடங்களில் குறிப்பும் இல்லை. லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தும் வேலை 1990களின் பிற்பகுதியில் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெருமளவில் வந்தது. கணினியில் வேலை என்ற கனவு நம் ஊர்களுக்குள் நுழைந்ததில், பிறர் எழுதாமல் விட்ட குறிப்புகளுக்கும் பங்கு உண்டு.

பெயரில்லாத இருவர்

மறுபடியும் கல்லுக்கு வருவோம். உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டு விதிகளில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? முப்பது குடும்புகளிலிருந்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஆள் எடுக்கும்போது பெண் இல்லை. அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. உழுதவரும் அங்கே இல்லை, நட்டவளும் இல்லை. ஆனால் விதியின் வாசகத்துக்குள் பெண்கள் இருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவரின் தாயுடைய சகோதரிகளின் மக்கள், அத்தையின் மக்கள், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள் என்று போகிறது விலக்கப்பட்டவர் பட்டியல். ஒரு ஆணின் குற்றம் இன்னொரு ஆணுக்குப் போய்ச் சேரும் வழியாக மட்டும் பெண் வருகிறாள். கூடாத உறவு என்ற குற்றத்தைச் சொல்லும் இடத்திலும் பெயரில்லாமல் வருகிறாள். அவளுடைய வயது வரம்பு மாறியதா என்ற கேள்வியே எழவில்லை. எந்தப் பதிப்பிலும் அவள் இல்லாததால் எந்த மாற்றத்திலும் அவள் இல்லை.

அதே வட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தது. 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை இங்கே நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்; அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு எழுதியிருக்கிறது. ஆண்டு முழுதும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூட வரிசையாக உள்ளன. நோயாளிகளுக்கு மருந்து தயாரித்து ஊழியம் செய்த 'மருந்து அடும் பெண்டுகள்' இருவர். அவர்களுக்கும் நெல் உண்டு, பெயர் மட்டும் இல்லை. மருந்துக்குப் பெயர் இருக்கிறது, மருந்து அடுபவளுக்கு இல்லை.

கூலியாவது பதிவானதே என்று நான் இதை எளிதாக ஒதுக்க மாட்டேன். வேலை வேலையாக எண்ணப்பட்டதற்கு அந்த நெல் சான்று. வீட்டுக்குள் மருந்து அரைத்த எத்தனையோ பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் ஹார்வர்டு கையேட்டின் 'பணியாளர்கள்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 'பெண்டுகள்' நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 900 ஆண்டுகள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் முடிவில் வேறொரு வழக்கம் தெரிகிறது. சபையார் பணிக்க இதை எழுதினேன் என்று மத்தியஸ்தன் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். விதியை வகுத்தது சபைதான். ஆனால் எழுதியவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு, அதனால் பெயரும் உண்டு என்பதை அந்தச் சபை ஒப்புக்கொண்டது. நாம் கேட்பதும் அதைத்தான்.

தமிழில் யார் எழுதுவது?

கிரேஸ் ஹாப்பர் 1978 மாநாட்டில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். தன் மொழியில் இருந்த ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சுச் சொற்களையும் ஜெர்மன் சொற்களையும் வைத்து நிரலை ஓட்டிக் காட்டினாராம். கணினிக்கு எல்லாம் ஒன்றுதான். மேலாளர்களோ அதிர்ந்துபோனார்கள். அமெரிக்காவில் செய்த கணினி பிரெஞ்சும் ஜெர்மனும் புரிந்துகொள்வதாவது என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும்தான் ஓட்டுவோம் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்ததாம்.

அவர் காட்டியதைத் தமிழில் செய்து பார்த்தவர் முத்து அண்ணாமலை. அவர் உருவாக்கி 2009இல் கட்டுரையாகவும் வெளியிட்ட 'எழில்' மொழியில் கட்டளைகள் தமிழில் இருக்கின்றன: பதிப்பி, ஆனால், இல்லை, முடி, பின்கொடு. 'ஆனால்' என்ற சொல்லை நிபந்தனைக்கு வைத்தது இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும். எதிர்மறுப்பாக நாம் அன்றாடம் பேசும் 'ஆனால்' அல்ல அது. 'மழை பெய்ததானால்' என்னும்போது வரும் பழைய நிபந்தனை எச்சம். எழில் பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தின் அடிப்படையைக் கற்பிக்க எழுந்த மொழி. அதைப் பிழைப்புக்கான மொழி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணினி தமிழைக் கேட்கும் என்பதை ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் அதில் கண்டுகொள்ள முடியும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. பைத்தான் 3.0இன் மாற்றக் குறிப்பில் சின்னதாக ஒரு விவரம் உண்டு: இனி பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. அதாவது ஒரு மாணவி தன் நிரலில் எண்களுக்கு 'வயது', 'கூலி', 'நாட்கள்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கும், ஆனால் தான் எண்ணுவது எதை என்பதைத் தன் மொழியில் எழுதலாம். 2008இலிருந்து இந்த உரிமை இருக்கிறது. தமிழ்வழியில் படித்து, கல்லூரிக்கு வந்ததும் ஆங்கிலத்தைக் கண்டு கணினி வகுப்பின் கடைசி இருக்கைக்குப் போய்விடும் பெண்ணிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு குறிப்பு தேவைப்பட்டது. மாற்றக் குறிப்பு உலகத்துக்கு எழுதப்பட்டது, அவளுக்கு எழுதப்படவில்லை.

இது மொழிபெயர்ப்போடு முடிகிற வேலையும் அல்ல. எது முக்கியம் என்று தேர்ந்தெடுப்பதிலேயே எழுதுபவரின் வாழ்க்கை புகுந்துவிடும். நியூயார்க்கில் இருக்கும் நிரலாளருக்குப் பெயர் வைக்கும் சலுகை ஒரு சில்லறைச் செய்தி. உத்திரமேரூர்ப் பேருந்தில் வந்துபோகும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது தலைப்புச் செய்தி. அவளைத் தெரிந்த ஒருவர் எழுதினால்தான் அது மேலே வரும். பைத்தானின் மூல நிரலில் மாற்றம் செய்யும் உரிமை பெற்ற மையக் குழுவில் முதல் பெண்ணாக மரியட்டா விஜயா சேர்ந்ததே 2017இல்தான். அந்த மொழி முதன்முதலில் வெளிவந்து 26 ஆண்டுகள் கழித்து. மாற்றத்தைத் தீர்மானிக்கும் அறைக்குள் போவது ஒரு போராட்டம், மாறியதைத் தன் மக்களுக்கு எடுத்துச் சொல்வது இன்னொரு போராட்டம். முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழும் பொறுமையும் ஓரளவு கணினி அறிவும் போதும்.

ஆகவே கணினி படிக்கும் பெண்களிடமும் தமிழ் படிக்கும் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒருத்தி கணினித் துறையிலிருந்தும் ஒருத்தி தமிழ்த் துறையிலிருந்தும் வந்து ஒரு மேசையில் உட்காருங்கள். ஏதாவது ஒரு நிரல் மொழியின் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சேர்ந்தது, எது மாறியது, எது போகப்போகிறது, ஏன், யாருடைய வேலை இதனால் கூடும் அல்லது குறையும் என்று ஐந்து கேள்விக்குத் தமிழில் பதில் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் விளக்கமாகச் சொல்லுங்கள். பழைய பதிப்பின் குறிப்பை அழிக்காதீர்கள். எழுதி முடித்ததும் தேதி போட்டு, இருவருடைய பெயரையும் முழுதாக எழுதுங்கள்.